கோயில் பக்கம், ஸ்டோர் பக்கம்

கன்னையா மாமா சனத்துக்கு முன்னால் மேடையில் நின்றது வாழ்நாளில் ஒரே ஒரு தடவைதான். 1992இல், எங்கள் தோட்டத்துத் திருவிழா நாடகத்தில், இரண்டாம் சேவகனாக. அரசன் "யாரங்கே?" என்று கேட்டதும் வந்து, "அழைத்தீர்களா மன்னா?" என்று சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவருடைய வேஷம். வந்தார். சனத்தைப் பார்த்தார். சனமும் அவரைப் பார்த்தது. கையிலிருந்த ஈட்டியை முதலாம் சேவகனிடம் கொடுத்துவிட்டு, வந்த வழியே இறங்கிப் போய்விட்டார்.

சிரித்தவர்களில் நானும் ஒருத்தி. எனக்கு அப்போது பதினாறு வயது, எதைப் பார்த்தாலும் சிரிப்பு வரும். ஆனால் கொஞ்ச நேரத்தில் அரசனாக நடித்த காத்தமுத்து அண்ணனுக்கு வசனம் மறந்துபோய், வாளைத் தடவிக்கொண்டு நின்றார். அப்போது படுதாவுக்குப் பின்னாலிருந்து அடுத்த வரி வந்தது. முன்வரிசைக்குக் கேட்காத அளவு, அரசனுக்கு மட்டும் கேட்கிற அளவு. அது கன்னையா மாமாவின் குரல். அரசன், அரசி, மந்திரி, பைத்தியக்காரன் என்று எல்லாருடைய வசனமும் அவருக்கு மனப்பாடம். தன்னுடைய ஒற்றை வரி மட்டும்தான் தொண்டையில் மாட்டிக்கொண்டது.

அன்றிலிருந்து 2009இல் கண் மங்கி, டோர்ச் வெளிச்சத்தில் எழுத்துத் தெரியாமல் போகும்வரை, எங்கள் தோட்டத்து நாடகங்கள் எல்லாவற்றுக்கும் சொல்லிக்கொடுக்கிறவர் அவர்தான். திரை இழுக்கச் சொல்வது, விளக்கு அணைக்கச் சொல்வது, கிரீடம் யார் தலையில், ஓலை யார் கையில் என்று பார்த்துப் பார்த்து ஆளை உள்ளே தள்ளுவது எல்லாம் அவர் பொறுப்பு. பகல் வேலை ரப்பர் ஸ்டோரில், புகைக்கூடத்தில். ரப்பர் பால் ஷீட்டுகளைப் புகையில் தொங்கவிட்டு உலர்த்துகிற வேலை. ஸ்டோர் என்றால் எங்கள் ஆட்களுக்குத் தோட்டத்துத் தொழிற்சாலை. புகையால் அவர் கண் எப்போதும் சிவந்திருக்கும். தெரியாதவர்கள் குடிகாரன் என்று நினைப்பார்கள். பச்சைத் தண்ணீரைத் தவிர வேறெதுவும் குடிக்காத மனிதர், தேநீர்கூட அவர் மனைவி வெள்ளையம்மா அத்தை வற்புறுத்தினால்தான்.

அவரைப் புகழ்வதற்காக இதை எழுதவில்லை. ஒத்திகையில் என்னை அவர் திட்டிய திட்டுகளைச் சேர்த்து வைத்திருந்தால் இன்னொரு நாடகம் எழுதியிருக்கலாம். "ராணி மாதிரி நடந்து வான்னா, பால் வாளி தூக்குனவ மாதிரி வர்ற" என்பார். நான் பால் வாளி தூக்குகிறவள்தானே. பதினெட்டு வயதிலிருந்து ரப்பர் வெட்டினேன். அப்படியே பதில் சொல்வேன். அதற்கும் திட்டுவார்.

எங்கள் தோட்டம் ருவான்வெல்லைக்கு மேலே, பஸ் றோட்டிலிருந்து ஒன்றரை மைல் உள்ளே. ஒத்திகை பெரட்டுக் களத்தில் நடக்கும், அதாவது காலையில் பெயர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற இடத்தில். களத்துக்கு ஒரு கரையில் மாரியம்மன் கோயில், மறுகரையில் ஸ்டோர். நடுவில் பலகை அடுக்கினால் அது மேடை. முன்திரைக்கு ஒன்பது சேலை. லயத்து வரிசை வீட்டுப் பெண்கள் இரவல் தருவார்கள், நாங்கள் அகல அகலத் தையல் போட்டு இணைப்போம், நாடகம் முடிந்ததும் பிரித்துக் கொடுத்துவிடுவோம். அதனால் கன்னையா மாமா முன்திரையைப் பெரிய சேலை என்றுதான் சொல்வார். திரை விலகும்போது, "அந்தா, ஏஞ் சேல போகுது" என்று சனத்திலிருந்து ஒரு குரலாவது வராமல் இருந்ததில்லை.

ஒருமுறை கேகாலையிலிருந்து நாடகம் படித்த ஆசிரியர் ஒருவர் வந்து எங்களுக்குப் பாடம் எடுத்தார். முன்திரை, பின்திரை, பக்கத்தட்டி, சைகை என்று பெயர்களெல்லாம் சொல்லிக் கொடுத்தார். நடிகர் எப்போது வருவது, விளக்கு எப்போது அணைவது என்று உள்ளேயிருந்து காட்டுகிற அடையாளத்துக்குச் சைகை என்று பெயராம். அதுவரை நல்ல பிள்ளைகளாகக் கேட்டோம். மேடையின் வலம், இடம் என்று வந்தபோதுதான் சண்டை. மேடைக்கு வலம் என்றால் சனத்தைப் பார்த்து நிற்கிற நடிகரின் வலம், அது சனத்துக்கு இடம் என்றார். காத்தமுத்து அண்ணன் எழுந்து, "சனத்துக்குத்தான நாடகம், அவங்க வலதுதான் வலது" என்றார். அப்படியென்றால் திரும்பி நின்றால் என்ன செய்வது என்று இன்னொருவர் கேட்டார். அரை மணி நேரம் எல்லாரும் கையைத் தூக்கித் தூக்கிக் காட்டினோம். கடைசியில் கன்னையா மாமா சொன்னார்: "அதெல்லாம் வேணாங்க சார். கோயில் பக்கம், ஸ்டோர் பக்கம். நாம எப்புடித் திரும்புனாலும் கோயிலும் ஸ்டோரும் திரும்பாதுல்ல." ஆசிரியருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு எந்த ஊரில் எந்த மேடைக்குப் போனாலும், ஏறியவுடன் மாமா செய்கிற முதல் வேலை நடுவில் நின்று இரண்டு கையையும் விரித்து, இது கோயில் பக்கம், இது ஸ்டோர் பக்கம் என்று அறிவிப்பதுதான்.

அவரிடம் ஒரு கொப்பி இருந்தது. யாருக்கும் காட்டமாட்டார். எல்லா நாடகக்காரரும் வசனத்தை எழுதி, அதன் ஓரத்தில் சைகையைக் குறித்து வைப்பார்களாம். மாமா வசனமே எழுதமாட்டார். கேட்டால், "வசனந்தான் தலைக்குள்ள இருக்கே. தலைக்குள்ள நிக்காதத எழுதுனாப் போதும்" என்பார். அவர் பார்வையில் அது சரிதான். அந்தக் கெட்டித்தனம்தான் அவரைக் கொண்டுபோய் மாட்டிவிட்டது.

1997. கேகாலையில் ஒரு மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை நாடகப் போட்டி. எங்கள் நாடகத்தின் பெயர் 'மச்சான் ஆண்ட மூன்று நாள்'. எழுதியது காத்தமுத்து அண்ணன், ஆகவே அரசனும் காத்தமுத்து அண்ணன். அரசனின் மச்சான் ஆட்சியைப் பிடிக்கத் திட்டம் போடுவான். அது தெரிந்து அரசி மயங்கி விழுவாள், மச்சான் வெடிமருந்துக் கிடங்கைக் கொளுத்துவான், அரசன் சாவான், மூன்றாம் நாள் மச்சானையும் சனம் துரத்தும். அரசி நான். மண்டபத்தின் மேடை எத்தனை அடி, திரை கட்ட எங்கே ஆணி இருக்கிறது என்று பார்த்துவர, முதல் நாள் சனிக்கிழமை காலையில் மாமா தனியாகக் கேகாலைக்குப் பஸ் ஏறினார்.

வழியில் ஒரு சோதனைச் சாவடி. எந்த இடம் என்று எழுதப்போவதில்லை. அந்தக் காலத்தில் நாலு சந்தி இருந்தால் மூன்றில் சாவடி இருந்தது. எல்லாரும் இறங்கி, அடையாள அட்டையைக் காட்டி, பையைத் திறந்து, அந்தப் பக்கம் நடந்துபோய் மறுபடி ஏற வேண்டும். மாமாவின் பையைத் திறந்தார்கள். பத்து யார் நீளக் கட்டுக்கம்பி, பெரிய சேலை தொங்கவிட. ஒரு டோர்ச்சும் நாலு பற்றரியும், விளக்குக்காரனுக்குச் சைகை காட்ட. இரண்டு ஒட்டுத்தாடி, ஒரு மீசை. அப்புறம் அந்தக் கொப்பி. தமிழ் வாசிக்கத் தெரிந்த ஒரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு வாசிக்கச் சொன்னார்கள். அந்தப் பக்கத்தை நான் பிற்பாடு பார்த்தேன். இப்படி இருந்தது:

11. மணி ரெண்டு தரம்.
12. பெரிய சேலை தெற.
13. மச்சான் வருவார். கோயில் பக்கம்.
14. டோர்ச் ஒரு தரம். வெளக்கு மூணும் அணை.
15. வெடி. ஸ்டோர் பக்கம்.
16. சனம் ஓட்டம். கோயில் பக்கம்.
17. ராசா காலி.

ஒரு வரி வசனம் கிடையாது. நாடகம் என்ற சொல் கொப்பியில் எந்த மூலையிலும் இல்லை. போர் நடக்கிற காலத்தில், ஒரு தமிழ் ஆள் பையில் கம்பி, பற்றரி, ஒட்டுத்தாடியோடு இப்படி ஒரு பட்டியலைக் கொண்டுபோனால் யார்தான் விடுவார்கள்? பொலிஸைக் குறை சொல்லமாட்டேன். அந்த இடத்தில் நான் நின்றிருந்தாலும் பிடித்துத்தான் வைத்திருப்பேன்.

மத்தியானம் ஒரு மணிக்கு அதே பஸ் திரும்பி வந்தபோது, கண்டக்டர் எங்கள் சந்தியில் பஸ்ஸை நிறுத்திவிட்டு இறங்கி ஓடிவந்தார். சிங்களவர், மாமாவைப் பல வருடமாகத் தெரியும். "கன்னையா அய்யாவ பொலிஸியட்ட கெனிச்சா, நங்கி!" என்றார், சந்திக் கடைக்கு வந்து நின்ற என்னிடம். மாமாவைப் பொலிசுக்குக் கொண்டுபோய்விட்டார்களாம். நாலரை மணிக்குப் பெரிய இடத்திலிருந்து வண்டி வருமாம், அதில் கொழும்புக்கு ஏற்றிவிடுவார்களாம், சாவடியில் பேசிக்கொண்டார்களாம்.

கொழும்புக்கு ஏற்றுவது என்றால் என்னவென்று எங்களுக்குத் தெரியும். கீழ்ப் பிரிவில் ஒருவரை அப்படி ஏற்றி ஒன்பது மாதம் கழித்துத்தான் விட்டார்கள். வந்தவர் பிறகு யாரோடும் பேசவில்லை. வெள்ளையம்மா அத்தையிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். அத்தை அழவில்லை. "செத்த நில்லு" என்று தன் லயத்துக் காம்பராவுக்குள் போய், ஐந்து நிமிடத்தில் ஒரு துணிப்பையோடு வெளியே வந்து, "வா" என்றார். காத்தமுத்து அண்ணனைத் தேடினோம், மலையில் எங்கேயோ நின்றார். காத்திருக்க நேரமில்லை. எனக்குச் சிங்களம் நன்றாக வரும். நானும் அத்தையும் அடுத்த பஸ்ஸில் ஏறிவிட்டோம்.

பொலிஸ் நிலையத்துக்குப் போய்ச் சேரும்போது மூன்று மணி தாண்டிவிட்டது. அத்தையை உள்ளே விடவில்லை, வாசலில் ஒரு மரத்தடியில் நிற்கச் சொன்னார்கள். என்னை மட்டும் பொறுப்பதிகாரியின் அறைக்குக் கூட்டிப்போனார்கள். மூலையில் ஒரு நீள மர வாங்கில் மாமா உட்கார்ந்திருந்தார். அடித்திருக்கவில்லை. அதைப் பார்த்ததும் எனக்குப் பாதி உயிர் வந்தது. அவர் என்னைப் பார்த்தார், உடனே தரையைப் பார்த்தார்.

பொறுப்பதிகாரி தலை நரைத்த, தூக்கம் போதாத மனிதர். மேசையில் கம்பியும் டோர்ச்சும் தாடிகளும் வரிசையாக இருந்தன. பேச்செல்லாம் சிங்களத்தில்தான் நடந்தது, நான் தமிழில் எழுதுகிறேன்.

"இது நாடகம் என்கிறான். நாடகமென்றால் பேச்சு எங்கே?"

"பேச்சு அவருக்கு மனப்பாடம் சேர். அதனால எழுதமாட்டார்."

"இவனும் அதையேதான் சொல்கிறான். சொல்லிக்கொடுத்துத்தானே அனுப்பியிருப்பார்கள்?" என்று சுவரிலிருந்த மணிக்கூட்டைப் பார்த்தார். "ஸ்டோர், கோயில் என்று பக்கத்துக்குப் பக்கம் எழுதியிருக்கிறது. எந்த ஸ்டோர்? எந்தக் கோயில்?"

விளக்கினேன். பெரட்டுக் களம், ஆசிரியர், வலம் இடம் சண்டை எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை. அப்புறம் அவருக்கே ஒரு யோசனை வந்தது. கொப்பியை எடுத்து, தமிழ் தெரிந்த அந்தக் கான்ஸ்டபிள் ஸம்சுதீனிடம் கொடுத்தார்.

"இந்தக் கொப்பியை நீ பார்த்திருக்கிறாயா?"

"யாருக்கும் காட்டமாட்டார் சேர்."

"நல்லது. இவர் ஒரு வரி வாசிப்பார். அடுத்தது என்ன, எந்தப் பக்கம் என்று நீ சொல். உண்மையான நாடகம் என்றால் உனக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று பிழையானாலும் நாலரை வண்டியில் இவன் போவான்." மாமாவின் பக்கம் திரும்பினார். "நீ வாயைத் திறந்தாலோ, இருமினாலோ, கண்ணைக் காட்டினாலோ முடிந்தது."

மாமா தலையாட்டினார். இருபது வருஷம் புகைக்கூடத்தில் இருமிய மனிதர்.

ஸம்சுதீன் நல்ல தமிழில் வாசித்தார். "மணி ரெண்டு தரம்."

"பெரிய சேலை தெறக்கணும்" என்றேன். அதிகாரி என்ன சேலை என்றார். ஒன்பது சேலைக் கதையைச் சொன்னேன். ஸம்சுதீனின் மீசை கொஞ்சம் அசைந்தது.

"பெரிய சேலை தெற."

"மச்சான் வருவான். கோயில் பக்கத்தால."

"மச்சான் வருவார். கோயில் பக்கம்."

"டோர்ச் அடிச்சதும் வெளக்கு அணையணும். மூணு வெளக்கு."

ஸம்சுதீன் அதிகாரியைப் பார்த்து எல்லாம் சரி என்று தலையாட்டினார். எனக்குத் துணிச்சல் வந்துவிட்டது. அடுத்ததைக் கேட்காமலே சொன்னேன்: "அப்புறம் வெடி."

"எந்தப் பக்கம்?"

வாயைத் திறந்தேன். ஒன்றும் வரவில்லை. ஏனென்றால் எனக்குத் தெரியாது. உண்மையிலேயே தெரியாது. விளக்கு அணைகிற நேரம் அரசி மயங்கி விழுந்து கிடப்பாள், கண்ணை மூடிக்கொண்டு. "செத்த பொணம் மாதிரி கெட. கண்ணத் தெறந்த, தொலைச்சிருவேன்" என்று மாமா திட்டித் திட்டி, நானும் நாற்பது ஒத்திகையில் ஒருதரம்கூடக் கண் திறக்கவில்லை. வெடியைக் கேட்டிருக்கிறேன். பார்த்ததேயில்லை.

அதிகாரி பென்சிலால் மேசையைத் தட்டினார். மணிக்கூட்டில் மூன்று ஐம்பது. நான் என்னை அறியாமல் மாமாவைப் பார்த்தேன். ஐந்து வருடமாகப் பழகிய பழக்கம் அது, வரி மறந்தால் அந்தப் பக்கம் பார்ப்பது, உடனே வந்துவிடும். அவர் தலையை இன்னும் குனிந்து, இரண்டு கையாலும் வாங்கின் விளிம்பைப் பிடித்துக்கொண்டிருந்தார். கழுத்து நரம்பு புடைத்திருந்தது. சொல் வரவில்லை. இரண்டில் ஒன்றைக் குருட்டாம்போக்கில் சொல்லிவிடலாமா என்று நினைத்தேன். பிழையானால் போவது ஒரு மனிதனின் உயிர்.

"தெரியாதா?"

"தெரியும் சேர். கெடந்து பாத்தாத்தான் தெரியும்" என்றேன். எங்கிருந்து அந்தப் பேச்சு வந்ததோ, எங்கள் மாரியம்மனுக்குத்தான் தெரியும்.

அந்த அறையை மேடையாக்கினேன். அதிகாரியின் மேசைதான் சனம் இருக்கிற இடம். என் முதுகுக்குப் பின்னால் அலுமாரி, அது பின்திரை. மேசையைப் பார்த்து நின்றால் வாசல் பக்கம் என் வலக்கை. களத்து மேடையிலும் கோயில் வலக்கைப் பக்கம்தான், ஆகவே அது கோயில் பக்கம். மாமா உட்கார்ந்திருந்த வாங்குப் பக்கம் ஸ்டோர் பக்கம். இவ்வளவையும் சொல்லிவிட்டு, அரசி விழுகிற மாதிரி விழுந்தேன். பொலிஸ் நிலையத்துச் சீமெந்துத் தரையில், மூன்று ஆண்களுக்கு முன்னால், பாவாடையைக் காலோடு இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணை மூடினேன்.

வெடி என்பது ஒரு மடித்த தகரம். அதன் மேல் கல்லைக் கட்டி, மேடைப் பலகையில் தூக்கிப் போடுவார்கள். கண்ணை மூடிக்கொண்டு அந்தச் சத்தத்தை நினைத்தேன். சத்தம் எல்லாப் பக்கமும் கேட்டது. ஆனால் பலகை அதிர்வது எனக்கு எங்கே தெரியும்? காலில். ஒவ்வொரு தடவையும் உள்ளங்காலில் கூசும், விரலை மடக்காமல் பல்லைக் கடித்துக்கொண்டு கிடப்பேன். அப்படியென்றால் வெடி என் காலடிப் பக்கம். கால் எந்தப் பக்கம்? இதற்கு யோசிக்கவே தேவையில்லை. கோயில் பக்கம் யாராவது காலை நீட்டுவார்களா? முதல் ஒத்திகையில், பெரட்டுக் களத்தில், கொஞ்ச தூரத்தில் மாரியம்மன் இருக்கிறாள் என்று நானாகவே தலையை அந்தப் பக்கம் வைத்து விழுந்தேன். அப்படியே பழகிவிட்டது. மேடை கேகாலையில் இருந்தாலும் கொழும்பில் இருந்தாலும் கோயில் பக்கம் காலை நீட்ட எனக்கு வராது. இப்போது விழுந்தபோதும் தலை வாசல் பக்கம்தான் இருந்தது, கால் வாங்குப் பக்கம்.

கண்ணைத் திறக்காமலே கத்தினேன். "ஸ்டோர் பக்கம்!"

எழுந்து உட்கார்ந்தேன். ஸம்சுதீன் கொப்பியை அதிகாரியின் பக்கம் திருப்பி மேசையில் வைத்து, விரலை அந்த வரியில் வைத்தார். "சரி சேர். வெடி, ஸ்டோர் பக்கம்."

"எப்படிக் கண்டுபிடித்தாய்?" என்றார் அதிகாரி.

சொன்னேன், காலில் அதிர்வதையும் கோயில் பக்கம் கால் நீட்டாததையும். அவர் என்னையும், தரையில் நான் கிடந்த இடத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "எங்கள் வீட்டிலும் விகாரைப் பக்கம் கால் நீட்டிப் படுக்க விடமாட்டார்கள்" என்றார். பிறகு நாற்காலியில் சாய்ந்து, அன்றைக்கு முதல்தடவையாகச் சிரித்தார். "ராசா என்ன ஆனான்?"

"காலி சேர்" என்றார் ஸம்சுதீன், நான் சொல்வதற்கு முன்னால்.

வாக்குமூலம் எழுதி, கையெழுத்து வாங்கி, சாமான்களைத் திருப்பிக் கொடுத்தார்கள். கொப்பியில் இனிமேல் பேச்சையும் எழுதச் சொல்லு என்று அதிகாரி என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார். பெரிய இடத்துக்கு வண்டி வேண்டாம் என்று அவர் தொலைபேசியில் சொல்வதை என் காதால் கேட்டேன். அந்த நிமிடம் எனக்கு ஏற்பட்ட ஆறுதலை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. வாசற்படியில் ஸம்சுதீன் என் கையைப் பிடித்து இறக்கிவிட்டு, "நல்லா விழுந்தீங்க தங்கச்சி" என்றார்.

மாமா வெளியே வரும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. மரத்தடியில் நின்ற அத்தை அவரைப் பார்த்ததும் அருகே வந்து, முகத்தைப் பிடித்துத் திருப்பினார். மாமாவின் கீழுதடு கிழிந்து இரத்தம் தாடையில் காய்ந்திருந்தது.

"அடிச்சாங்களா?"

மாமா இல்லை என்று தலையாட்டினார். என்னைப் பார்த்தார். "ஒரே ஒரு சொல்லு, குமாரி. நீ நின்ன நேரத்துல வாய்வரைக்கும் வந்துருச்சி. கடிச்சிப் புடிச்சிக்கிட்டேன்" என்றார்.

நான் அங்கேயே றோட்டில் நின்று அழுதேன். எத்தனை தடவை அவர் கொடுத்த சொல்லால் மேடையில் மானம் தப்பியிருக்கிறேன். அன்றைக்கு அவர் கொடுக்காத சொல்லால் தப்பினோம். "நீங்க ஏன் மாமா என்னைய கண்ணத் தொறக்க விடல?" என்று அழுகையோடேயே சண்டை பிடித்தேன். "தொறந்திருந்தா அந்த எடத்துலயே சொல்லியிருப்பேனே!"

"செத்தவ கண்ணத் தொறந்தா சனம் சிரிக்கும்" என்றார்.

"மயங்குனவ, மாமா. நான் மயங்குனவ. செத்தது ராசா!"

அத்தைக்கு எங்கள் சண்டை ஒன்றும் விளங்கவில்லை. "வீட்டுக்குப் போயி அடிச்சிக்கிருங்க, பஸ்ஸு வருது" என்றார்.

வந்தது அந்தக் கண்டக்டரின் பஸ்தான். மாமாவைக் கண்டதும் அவர் மிதிபலகையில் தொங்கிக்கொண்டே, "ஆ! கன்னையா அய்யா ஆவா!" என்று கத்தினார், வந்துவிட்டார் என்று. பஸ்ஸில் இருந்தவர்களுக்கு விஷயம் ஏற்கெனவே தெரிந்திருந்தது போலும், ஒரு கிழவர் எழுந்து இடம் கொடுத்தார். சாவடியில் மறுபடியும் எல்லாரும் இறங்கினோம். மறுபடியும் மாமாவின் பையைத் திறந்தார்கள். கம்பி, டோர்ச், தாடி. காலையில் பிடித்த அதே ஆள் அவரை அடையாளம் கண்டு, பையை மூடிக் கையில் கொடுத்து, "யண்ண, யண்ண" என்றார். போகச் சொல்கிறார். போனோம். நடந்துதான் போனோம், ஓடவில்லை, அதற்கே எனக்கு ஒரு பரிசு தந்திருக்கலாம்.

மறுநாள் நாடகம் நடந்தது, மூன்றாம் இடம் வந்தது, மாமா வீங்கின உதட்டோடு சொல்லிக்கொடுத்தது காத்தமுத்து அண்ணனுக்குப் பாதி விளங்கவில்லை. அதைப் பற்றி இன்னொரு நாள் சண்டை பிடித்தோம். அது கிடக்கட்டும்.

பஸ்ஸில் அத்தை சன்னலோரம், நடுவில் மாமா, இந்தப் பக்கம் நான். கொஞ்ச தூரம் போனதும் மாமா, "பசிக்குது" என்றார். காலையிலிருந்து சாப்பிடவில்லை.

அத்தை மடியில் அந்தத் துணிப்பை. "ரொட்டி இருக்கு, எடுத்துக்குங்க" என்றார். மாமா பைக்குள் கையை விட்டார். ரொட்டிப் பொட்டலம் அடியில் இருந்தது. அதை எடுக்க மேலே இருந்ததை ஒவ்வொன்றாக வெளியே வைத்தார். இரண்டு சாரம், அவருடைய கம்பளிச் சட்டை, ஒரு துவாய், புதுச் சவர்க்காரம் ஒன்று, பல் விளக்கும் கரித்தூள் பொட்டலம், ஒரு சின்னப் பிள்ளையார் படம்.

எல்லாவற்றையும் மடியில் வைத்துக்கொண்டு அவற்றையே பார்த்தார்.

"எத்தன நாளைக்குன்னு கட்டுன?"

"யாருக்குங்க தெரியும்" என்றார் அத்தை, சன்னலுக்கு வெளியே பார்த்தபடி. "வீட்டுல ஒங்களுதுன்னு இருந்ததெல்லாம் அவ்வளவுதான். எல்லாத்தையும் எடுத்துட்டு வந்தேன்."

மாமா சாரத்தை மடித்து, சட்டையை மடித்து, படத்தைத் துடைத்து, பையில் திரும்ப வைத்தார். பிறகு ரொட்டியைப் பிய்த்துச் சம்பலில் தொட்டு வாயில் வைத்தார். கிழிந்த உதட்டில் மிளகாய் பட்டதும் கண்ணிலிருந்து தண்ணீர் கொட்டியது.

"எரியுதாங்க?"

"எரியுது" என்றார். "இன்னொண்ணு குடு."